பேட்டரி மாற்றியும் செல்ஃப் எடுக்கவில்லையா? வடசென்னைக் கார்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று ஒரு சத்தம். டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்குகிறது. அவ்வளவுதான், வண்டி எடுக்கவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் முதலில் வருகிற பதில், "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்." மாற்றுகிறோம். இரண்டு மாதம் கழித்து அதே 'டக் டக்'.

பேட்டரி தானாகச் சாவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடிக்கடி இறங்குகிற பேட்டரிகளில் பல, வண்டியில் இருக்கும் வேறு ஏதோ ஒரு கோளாறுக்குப் பலியானவை. அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால் புதுசும் பலியாகும். அதனால் காசு கொடுப்பதற்கு முன்னால் அளந்து பார்த்துவிடுவோம். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று, ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவை போதும்.

எப்போது இறங்குகிறது என்று கவனியுங்கள்

பானெட்டைத் திறப்பதற்கு முன் இதை யோசித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

நேற்று ராத்திரி நன்றாக ஓடிய வண்டி காலையில் எடுக்கவில்லை என்றால், நிறுத்தியிருக்கும்போது எங்கேயோ கரண்ட் கசிகிறது, அல்லது பேட்டரியால் சார்ஜைப் பிடித்து வைக்க முடியவில்லை. காலையில் எடுத்து, நாலு இடம் போய்விட்டுத் திரும்பும்போது எடுக்கவில்லை என்றால், டைனமோ (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் கருவி) சார்ஜ் ஏற்றவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஒருநாள் எடுக்கிறது, ஒருநாள் எடுக்கவில்லை, பேட்டரி டெர்மினலை ஆட்டிவிட்டால் எடுக்கிறது என்றால் கனெக்‌ஷன் கோளாறு. வாரம் ஒருமுறைதான் எடுக்கிறீர்கள், அப்போதெல்லாம் தகராறு என்றால், வண்டியில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கை வைப்பதற்கு முன்

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. மோதிரம், இரும்பு வளையல், கழுத்தில் தொங்கும் செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் விரலோடு சேர்த்துப் பழுக்கக் காய்ச்சிவிடும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். வரிசை மாறி, பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

நெகட்டிவைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோ செட்டிங்கும் போய்விடும். சில ஸ்டீரியோக்கள் திரும்ப உயிர் வரக் கோட் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர் மட்டும் போதுமான ஓர் இரவுச் சோதனை

பேட்டரியை வெளியே எடுத்து, சார்ஜரில் முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். 35 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி என்றால் மூன்றரை ஆம்பியர் வேகத்தில் ஒரு முழு இரவு. பேட்டரி கடைகளில் கொடுத்தாலும் ஏற்றித் தருவார்கள். அவசரத்துக்கு அதிக ஆம்பியரில் சீக்கிரம் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேட்டரி சூடாகி ஆயுசு குறையும்.

முதல் ராத்திரி, பேட்டரியை வண்டியில் வைத்து நெகட்டிவ் கேபிளை மட்டும் கழற்றித் தள்ளி வையுங்கள். காலையில் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்த ராத்திரி, கேபிள் மாட்டியபடியே விட்டுவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கழற்றி வைத்த ராத்திரிக்குப் பிறகு எடுக்கிறது, மாட்டி வைத்த ராத்திரிக்குப் பிறகு எடுக்கவில்லை என்றால் வண்டிதான் கரண்டைத் தின்கிறது. கழற்றி வைத்தும் காலையில் இறங்கியிருந்தால் பேட்டரிதான் குற்றவாளி. இரண்டு நாளும் எடுத்துவிட்டு, ஓட்ட ஓட்ட இறங்கினால் சார்ஜிங்கைப் பாருங்கள். மீட்டர் இல்லாமலே இவ்வளவு தெரிந்துவிடும் என்பதால், முதலில் இதைச் செய்யாமல் நான் யாரையும் பேட்டரிக் கடைக்கு அனுப்புவதில்லை.

டெர்மினலும் எர்த்தும்

நம்ம பக்கத்தில் இதைத் தாண்டிப் போகவே கூடாது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக வண்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்றில் எர்த் போல்ட்டும் (பேட்டரியின் நெகட்டிவை வண்டி உடம்போடு இணைப்பது) கேபிள் முனையும் சீக்கிரம் துருப்பிடிக்கும். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடிப் பக்கம் மழைத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கனெக்டருக்குள் புகுந்த ஈரம் பல மாதம் கழித்துக்கூடத் தகராறு செய்யும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். பேட்டரி மூடித் துளைகளுக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. நன்றாகத் துடைத்து, பேட்டரி முனையையும் கேபிளின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் பூசுங்கள். வாசலினை முதலில் பூசிவிட்டு மாட்டுவது சரியில்லை. உலோகமும் உலோகமும் முதலில் சேரட்டும். மாட்டிய டெர்மினலைக் கையால் திருகினால் அசையக் கூடாது.

வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே கெட்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, மீட்டர் ஒயரின் ஒரு நுனியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், அந்தப் பாதையில் எங்கோ கரண்ட் அடைபடுகிறது. பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் எர்த் பட்டைகளைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். பச்சை பிடித்துப் பொடிந்துபோன கேபிளை மாற்றிவிடுங்கள். பாசிட்டிவ் பக்கமும் இதே சோதனைதான்: பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

பேட்டரியே சரியா

வண்டி ஓடி நின்றதும் அளந்தால் 12.9 வோல்ட் என்று காட்டி ஏமாற்றும். ஒரு ராத்திரி நின்ற பிறகு அளப்பது நல்லது. பொறுமை இல்லை என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளக்கலாம்.

12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால். 12.2 பாதி. 12.0 கால். 11.8-க்குக் கீழே போனால் காலி. முழுதாக ஏற்றிய பேட்டரி, கேபிள் மாட்டாமல் வைத்திருந்தும் மறுநாள் 12.4-க்குக் கீழே இறங்கினால் உள்ளே ஏதோ ஒரு செல் போய்விட்டது. 10.5 பக்கம் நின்றுவிட்டால் சந்தேகமே இல்லை: ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது.

சும்மா இருக்கும்போது 12.6 காட்டுவதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. கடைக்காரரிடம் லோடு டெஸ்டர் (பேட்டரிமேல் பாரம் ஏற்றிப் பார்க்கும் கருவி) இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி என்றால் வேலை இன்னும் சுலபம். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லாக அளக்கலாம். 1.260-லிருந்து 1.280 வரை இருந்தால் முழு சார்ஜ். ஐந்து செல் 1.260 காட்டி, ஒன்று மட்டும் 1.200-ல் நின்றால் அந்த செல் அவுட். தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ கூடாது. மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியின் மேலே இருக்கும் பச்சைக் கண்ணைப் பெரிதாக நம்பாதீர்கள். அது ஆறில் ஒரு செல்லின் நிலைமையைத்தான் சொல்கிறது.

இன்னொரு விஷயம் நம் ஊர் வெயில். பேட்டரிக்குக் குளிர் காலத்தில்தான் கஷ்டம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். உண்மையில் ஆயுசைக் குறைப்பது சூடுதான். நிழலே இல்லாத தெருவில் நாளெல்லாம் காய்கிற கார் பேட்டரிக்கு மூன்று, நாலு வருஷம் என்பது நல்ல ஆயுசு. உங்கள் பேட்டரி அந்த வயதைத் தாண்டியிருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

டைனமோ ஏற்றுகிறதா

சென்னையில் பாடி என்ற ஏரியா பக்கம் பஸ்ஸில் 'லூகாஸ்' என்று டிக்கெட் கேட்டு இறங்குவோமே, அங்கே இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி 1961-ல் தொடங்கியது, வண்டி மின்சாமான்கள் செய்கிறது. இந்த ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாரும்தான் அதன் முக்கியமான சரக்கு. மெக்கானிக் டைனமோ என்று சொல்வது இந்த ஆல்டர்னேட்டரைத்தான்.

இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் அளங்கள். பெரும்பாலான கார்களில் 13.8-லிருந்து 14.7 வரை இருக்க வேண்டும். அப்புறம் ஹெட்லைட், ஏ.சி., பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, இன்ஜினைக் கொஞ்சம் வேகப்படுத்தி அளங்கள். 13.5-க்குக் குறையக் கூடாது. ஓடும்போதும் 12.4, 12.3 என்று நின்றால் டைனமோ ஏற்றவே இல்லை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைக்கிறது. தண்ணீர் சீக்கிரம் வற்றும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இன்ஜினுக்குச் சின்ன மோட்டார் துணை கொடுக்கும் மைல்டு ஹைப்ரிட் வண்டிகளிலும், சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள பல வண்டிகளிலும் கம்ப்யூட்டர் தேவைக்கேற்ப வோல்ட்டை ஏற்றி இறக்கும். 12.8 காட்டிவிட்டுச் சற்று நேரத்தில் 14.5-க்குப் போகலாம். அதைப் பார்த்து டைனமோ கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

சாவி ஆன் செய்ததும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது லேசாக மினுங்கினாலும் அலட்சியம் கூடாது. பெல்ட்டையும் பாருங்கள். மழை நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது.

அப்புறம், மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி முனைகளில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டைனமோவுக்குள் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன பாகம்) போயிருக்கலாம். கெட்ட டயோடு இரண்டு வகையில் கெடுக்கும்: பகலில் சரியாக ஏற்றாது, ராத்திரியில் கரண்டைக் கசியவிடும்.

ஒரு பழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "பாருங்க, நிக்காம ஓடுது, டைனமோ நல்லா இருக்கு" என்று காட்டுகிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பழைய அம்பாசிடருக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைய வண்டியில் அப்படிக் கழற்றினால் வோல்ட் திடீரென்று எகிறி கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். தடுத்துவிடுங்கள்.

நிறுத்தி வைத்த வண்டியில் கசியும் கரண்ட்

வேலை அதிகம் வாங்குவது இதுதான். பெரும்பாலான மெக்கானிக்குகள் தொடத் தயங்குவதும் இதைத்தான், ஏனென்றால் நேரம் பிடிக்கும். நிறுத்திய வண்டியிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் மெமரிக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். 20-லிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். 250 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர் போய்விடும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றே நாளில் பாதி காலி. வயதான பேட்டரி என்றால் இரண்டாம் நாள் காலையிலேயே செல்ஃப் எடுக்காது.

மீட்டரைத் தொடுவதற்கு முன் சுலபமானவற்றைப் பார்த்துவிடுங்கள். டிக்கி விளக்கும் டேஷ்போர்டுப் பெட்டி விளக்கும் மூடிய பிறகும் எரிகின்றனவா? செல்போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, எடுத்துப் பாருங்கள். தெரிந்துவிடும். பிறகு, வெளியே கடையில் மாட்டியவற்றைச் சந்தேகப்படுங்கள்: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். டிராக்கர், ஆம்ப்ளிஃபையர், ரிமோட் லாக். கேமராவில் பார்க்கிங் மோடு போட்டிருந்தால் ராத்திரி முழுக்க விழித்திருக்கும். ஸ்டீரியோ மாட்டியவர், சாவியை எடுத்ததும் அணைய வேண்டிய ஒயரை நேரடி பேட்டரி ஒயரோடு சேர்த்து முறுக்கியிருந்தால் செட் தூங்கவே தூங்காது. கம்பெனியில் வந்த வண்டியைவிட இந்த ஒட்டு வேலைகளில்தான் கசிவு அதிகம் என்பது என் எண்ணம்.

இதற்கெல்லாம் மசியவில்லை என்றால் மீட்டர்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியை எடுத்து வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சாவி பக்கத்தில் இருந்தாலே வண்டி விழித்துக்கொள்ளும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்றால், கதவின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்போது வண்டி கதவு சாத்தியிருப்பதாக நினைக்கும். திரும்ப மூடுவதற்கு முன் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்க மறக்காதீர்கள்.

மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மீட்டரின் திருகுக் குமிழை டி.சி. ஆம்பியரில் வையுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரைப் போடுங்கள். அதோடு, கொஞ்சம் தடிமனான ஒயர் ஒன்றையும் இரண்டு முனைகளிலும் பாலமாகக் கிளிப் போட்டு வைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வண்டி முதலில் இழுக்கும் கரண்டில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இப்போது முக்கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். டீ குடித்துவிட்டு வாருங்கள். புது வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு பால ஒயரை எடுத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். மீட்டர் போட்டிருக்கும்போது சாவியைத் திருப்பவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது.

0.05 ஆம்பியருக்குள் (அதாவது 50 மில்லி ஆம்பியர்) காட்டினால் கசிவு இல்லை. 0.2, 0.5 என்று காட்டினால் திருடன் உள்ளே இருக்கிறான்.

எந்த சர்க்யூட் என்று கண்டுபிடிக்க, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது மீட்டர் சட்டென்று இறங்குகிறது என்று பார்ப்பது பழைய முறை. அதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபியூஸைப் பிடுங்கித் திரும்ப மாட்டினால் தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், மறுபடி முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதைவிட நல்ல முறை, ஃபியூஸைப் பிடுங்காமலே அளப்பது. ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரின் ஒயரைப் பழைய துளைக்கு மாற்றி, குமிழை மில்லி வோல்ட்டில் வைத்து, அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். நெகட்டிவ் கேபிள் இதற்கு வழக்கம்போல மாட்டியிருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் அந்த ஃபியூஸ் வழியாக ஒன்றும் போகவில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸில் 2 மில்லி வோல்ட் காட்டினால், ஏறக்குறைய கால் ஆம்பியர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பானெட்டுக்குள் ஒரு ஃபியூஸ் பெட்டி, டேஷ்போர்டுக்குக் கீழே ஒன்று என்று இரண்டையும் பாருங்கள்.

ஃபியூஸ் தெரிந்ததும், மூடியின் உட்புறத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து அதிலிருந்து எந்தெந்தச் சாமானுக்குக் கரண்ட் போகிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ரிலேக்களை (கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்சுகள்) கையால் தொட்டுப் பார்ப்பதும் உதவும். வண்டி மணிக்கணக்கில் நின்றும் ஒரு ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எந்த ஃபியூஸிலும் கசிவு இல்லை, ஆனால் மீட்டர் காட்டுகிறது என்றால் டைனமோவைப் பாருங்கள். பேட்டரியை முழுதாகக் கழற்றிவிட்டு, டைனமோவின் பெரிய ஒயரை எடுத்து டேப் சுற்றி ஒதுக்குங்கள். பேட்டரியை மாட்டி மறுபடி அளங்கள். கசிவு நின்றிருந்தால் டயோடுதான்.

எலியையும் மறக்க வேண்டாம். சாக்கடை ஓரத்தில், குப்பைத் தொட்டி பக்கத்தில் நிறுத்துகிற வண்டியில் இன்ஜின் சூட்டுக்கு எலி ஏறி ஒயரைக் கடிக்கும். பானெட்டைத் திறந்ததும் புழுக்கையும் கடித்த பிளாஸ்டிக் துணுக்கும் கிடந்தால், மீட்டருக்கு முன்னால் ஒயரிங்கைக் கண்ணால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் இறங்குகிறது

வாரநாள் முழுக்க டூவீலர், ஞாயிறு மட்டும் கார் என்றால் இதுதான் உங்கள் கதை. கசிவு சகஜமான 40 மில்லி ஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-அவர் போகும். மூன்று வாரம் எடுக்காவிட்டால் நல்ல பேட்டரியும் பாதிக்கு மேல் இறங்கிவிடும். பிறகு எடுத்து, தண்டையார்பேட்டையிலிருந்து பெரம்பூருக்கு டிராஃபிக்கில் ஊர்ந்து போய்த் திரும்பினால் இழந்தது ஏறாது. இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது டைனமோ கொடுப்பதை ஏ.சி.யும் விளக்கும் ஃபேனுமே சாப்பிட்டுவிடும். பாதி இறங்கிய பேட்டரி முழுதாக ஏற மணிக்கணக்கில் ஆகும். பெரியபாளையம் போய்வந்தால் கொஞ்சம் ஏறும், தெருவைச் சுற்றி வந்தால் ஏறாது. இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது.

வீட்டு வாசலில் கரண்ட் எட்டும் என்றால், மாதம் ஒருமுறை தானாகவே நின்றுகொள்ளும் சார்ஜரைப் போடுவதுதான் சரியான வழி. எட்டாதவர்கள், பத்து நாளுக்கு மேல் ஊருக்குப் போகும்போது நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் போகலாம்.

புதுசுதான் வாங்க வேண்டும் என்றால்

கசிவையும் டைனமோவையும் எர்த்தையும் சரிசெய்த பிறகு வாங்குங்கள். கம்பெனி சொன்ன ஆம்பியர்-அவர் அளவும், முனைகள் எந்தப் பக்கம் என்பதும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு அதற்கென்று இருக்கும் வகையைத்தான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் போய்விடும். தயாரித்த தேதியைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கடை அலமாரியில் கிடந்ததை வாங்க வேண்டாம். மாட்டுவதற்கு முன் கடையிலேயே அளங்கள், 12.5-க்குக் குறைவாக இருந்தால் சார்ஜ் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாரன்டி அட்டையில் தேதியும் சீலும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மாதம் முழுசாக மாற்றித் தருவார்கள், எத்தனை மாதம் விலையில் ஒரு பகுதியை மட்டும் கழிப்பார்கள் என்பதைப் பிரித்துக் கேளுங்கள். பழைய பேட்டரியை அங்கேயே கொடுத்தால் விலையில் குறைப்பார்கள். மாட்டி முடித்ததும் அடியில் பிடித்திருக்கும் கிளாம்பை இறுக்கியிருக்கிறார்களா என்று ஆட்டிப் பாருங்கள். எண்ணூர் ரோட்டுப் பள்ளங்களில் பேட்டரி குதித்துக்கொண்டே இருந்தால் உள்ளே தகடு உதிர்ந்துவிடும்.